ஸ்கிராபிள் வேர்ட் லிஸ்ட் காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி

கேள்வி: என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, இங்கிலீஷ் எழுத்து போட்ட டைலை போர்டுல அடுக்கி வார்த்தை சேர்க்குற ஸ்கிராபிள் ஆட்டம்னா உசுரு. எங்க ஊர்ல ஒரு கோச்சிங் சார் ரெண்டெழுத்து வார்த்தை, மூணெழுத்து வார்த்தை, க்யூ வார்த்தை, இசட் வார்த்தைன்னு பிரிச்சுப் போட்ட ஸ்பைரல் புக் ஒண்ணை 1,800 ரூபாய்க்கு குடுத்தார். ராத்திரி பகலா மனப்பாடம் பண்ணிட்டு போட்டிக்கு போனா, எதிர்ல இருந்த பையன் சி-எச்னு ரெண்டே டைல் வச்சிருக்கான். புக்ல அப்படி ஒண்ணு இல்லையேன்னு இவ சேலஞ்ச் பண்ண, வார்த்தை செல்லும்னு சொல்லி இவ பாயின்ட்டை குறைச்சிட்டாங்க. புக் போலியா? இனிமே எதை எந்த வரிசைல படிக்கணும்?

பதில்: புக் போலி இல்லீங்க, அது அமெரிக்கா லிஸ்ட், அதான் வில்லங்கமே. ஒரே போர்டு, அதே 100 டைல், ஆனா அமெரிக்கா கனடாவுல ஹாஸ்ப்ரோங்கிற பொம்மைக் கம்பெனி கிட்ட உரிமை, மத்த நாடுகள்ல மேட்டல்ங்கிற கம்பெனி கிட்ட உரிமை, அகராதியும் அதுக்கேத்த மாதிரி ரெண்டா கிடக்கு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போட்டியில எல்லாம் காலின்ஸ் அகராதிக் கம்பெனி போடுற லிஸ்ட்தான். அதுல ரெண்டெழுத்து வார்த்தை 127, அமெரிக்கா லிஸ்ட்ல 107. நடுவுல விழுற அந்த 20தான் உங்க பொண்ணு காலை வாரிடுச்சு.

இதுல கோச்சிங் சார் செஞ்சது என்னன்னா, நெட்ல இலவசமா கிடக்குற லிஸ்டை பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு, எந்த நாட்டு லிஸ்ட்னு அட்டையில ஒரு வரி கூட போடாம வித்திருக்கார், இந்த வியாபாரம் இப்ப ஊருக்கு ஊர் நடக்குது, பிள்ளைங்க ஆர்வத்துல பெத்தவங்க யோசிக்காம காசை எடுத்து நீட்டிடுறாங்க. இனிமே எவராவது லிஸ்ட் நீட்டினா ரெண்டெழுத்து பக்கத்தை மட்டும் திறந்து பாருங்க. சி-எச், ஜே-ஏ, இசட்-ஓ மூணும் இருந்தா காலின்ஸ், இல்லேன்னா திருப்பிக் குடுத்துட்டு நடையைக் கட்டுங்க.

நல்லவேளை, படிச்சது வீண் இல்ல. அந்த 107ம் நம்ம ஊர்லயும் செல்லும், அதனால அவ வைக்கிறதுல ஆபத்து இல்ல, அடுத்தவன் வைக்கிறதை சேலஞ்ச் பண்றதுலதான் ஆபத்து. விட்டுப்போன 20ஐ ஏத்துற வரைக்கும் ரெண்டெழுத்து வார்த்தைல கையே தூக்க வேணாம்னு சொல்லி வைங்க. முக்கியமா இ-ஏ, இ-இ, ஐ-ஓ, ஓ-யூ நாலையும் முதல்ல ஏத்தணும், கை நிறைய ஏ, இ, ஐ, ஓ, யூன்னு உயிரெழுத்தாவே வந்து மாட்டிக்கிட்டா இதுங்கதான் காப்பாத்தும்.

சி-எச் பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா எல்லாரும் தடுக்கி விழுற இடம் இது. வி எழுத்துல ரெண்டெழுத்து வார்த்தையே கிடையாது, எந்த லிஸ்ட்லயும். சி-யும் அப்படித்தான்னு அமெரிக்கா லிஸ்ட் படிச்சவங்க நினைச்சுக்கிறாங்க, அதனால போர்டுல சி இருந்தா அந்தப் பக்கம் அடைஞ்சு போச்சுன்னு விட்டுடுறாங்க. காலின்ஸ்ல அந்த ஒரே ஒரு சி-எச் இருக்கு, அது வந்துட்டா கூடவே ஒரு குடும்பமே வருது: முன்னாடி ஏ, இ, ஐ, ஓ எதை ஒட்டினாலும் மூணெழுத்து வார்த்தை, பின்னாடி ஏ, இ, ஐ ஒட்டினாலும் வார்த்தை. ஆனா எஸ் மட்டும் சேராது. எதுக்கும் எஸ் போட்டா பன்மைன்னு பழகின பிள்ளைங்க இதுல எஸ் போட்டு ஒரு டர்னையே விட்டுடுவாங்க. மொத்தமே நாலு எஸ்தான் பையில இருக்கு, அதை இப்படியா அழிக்கிறது?

இப்ப வரிசை. ரெண்டெழுத்து 127ம் முழுசா முதல்ல. ஏ-லேர்ந்து இசட் வரைக்கும் ஒப்பிக்காம எழுத்து வாரியா: இசட் கூட ஏ, இ, ஓ, எக்ஸ் வர்றது ஏ-எக்ஸ், இ-எக்ஸ், ஓ-எக்ஸ், எக்ஸ்-ஐ, எக்ஸ்-யூ, க்யூவுக்கு ஒரே ஒரு க்யூ-ஐ. இதோட பலத்தை ஒரு தடவை போர்டுல வச்சே காட்டுங்க. ஏற்கனவே கிடக்குற ஒரு ஐ-க்கு மேல, வைக்கிற எழுத்தோட பாயின்ட்டை மூணு மடங்காக்குற டிரிபிள் லெட்டர் கட்டம் இருக்குன்னு வைங்க, அதுல க்யூ, அதுக்கு வலது பக்கம் இன்னொரு ஐ. குறுக்கே 31, கீழே 31, ரெண்டு டைல்ல 62 பாயின்ட்.

அடுத்து யூ இல்லாத க்யூ வார்த்தைங்க. இது நம்ம பிள்ளைங்களுக்கு ஈஸி, நிறைய நாம கேட்டுப் பழகின அரபு, உருது வார்த்தை: ஃபகீர், தலாக், புர்கா, நிக்காப், நாலுலயும் 'க' வர்ற இடத்துல க்யூ. அப்புறம் மூணெழுத்துல ஜே, க்யூ, எக்ஸ், இசட் இருக்கறது மட்டும். மூணெழுத்து மொத்தம் ஆயிரத்துக்கு மேல இருக்கு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஏத்த வேணாம். ஏழெழுத்து வச்சா 50 போனஸ்னு ஆசை வரும், அதுக்கு கடைசியா வாங்க, ரெட்டினா மாதிரி ஆறெழுத்தை வச்சுக்கிட்டு எஸ் சேர்த்தா என்னென்ன வருது, ஜி சேர்த்தா என்னென்ன வருதுன்னு பாக்குறதுதான் முறை.

அர்த்தம் தெரியணுமான்னு கேப்பீங்க. வேணாம். நைஜல் ரிச்சர்ட்ஸ்னு நியூசிலாந்துக்காரர், பிரெஞ்சு பேசவே தெரியாம லிஸ்டை மட்டும் மனப்பாடம் பண்ணி 2015ல பிரெஞ்சு உலக சாம்பியன் ஆனார். ஸ்கூல்ல இங்கிலீஷ் மிஸ் திட்டினா திட்டட்டும்.

லிஸ்டுக்கு காசே குடுக்காதீங்க. ஸிஸிவான்னு (Zyzzyva) இலவச சாஃப்ட்வேர் இருக்கு, நீளம் வாரியா எழுத்து வாரியா அதுவே பிரிச்சுக் குடுக்கும், உள்ள போனதும் அகராதியை காலின்ஸுக்கு மாத்திடுங்க. போன்ல வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்னு இதே மாதிரி இருக்குற கேம் ஆடி பிராக்டிஸ் ஆகுதுன்னு விட்டுடாதீங்க, அதுக்கு லிஸ்டே தனி, அதுல ஜே 10 பாயின்ட், நம்ம போர்டுல 8.

கடைசியா ஒரு கடுப்பு. நோட்டீஸ்ல கோப்பை போட்டோ, ஸ்பான்சர் லோகோ, சாப்பாட்டு டோக்கன் விவரம் வரைக்கும் போடுற போட்டிக்காரங்க எந்த அகராதின்னு ஒரு வரி போட மாட்டேங்குறாங்க. காலின்ஸ் லிஸ்டே சில வருஷத்துக்கு ஒரு தடவை மாறுது, 2019, 2021, 2024னு, 2021ல வசைச்சொல்லுன்னு சுமார் 400 வார்த்தைய தூக்கினாங்க. பீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க: காலின்ஸா, எந்த வருஷத்து பதிப்பு, தப்பா சேலஞ்ச் பண்ணா எவ்வளவு குறைப்பீங்க. பதிலை வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க, வாயால சொன்னா அன்னிக்கு மேஜைல வேற மாதிரி பேசுவாங்க.