கனடாவிலிருந்து நேரே கியூபாவின் வராதேரோக் கடற்கரைக்கே விமானம் இருக்கும்போது, ஹவானாவில் இறங்கிச் சாலை வழியாகப் போவதில் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. வராதேரோக் கடலைவிட அங்கே போன வழிதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதைச் சொன்னால் என் மனைவி இன்றும் முறைப்பாள்.

2018 கோடையில் டொராண்டோவிலிருந்து போனோம். ஹவானாவிலிருந்து வராதேரோ சுமார் 140 கிலோமீட்டர். வியா பிளாங்கா என்ற நெடுஞ்சாலை பெரும்பாலும் கடலை ஒட்டியே போகிறது. எங்கும் நிற்காவிட்டால் இரண்டரை மணி நேரம் போதும். எங்களுக்கு எட்டு மணி நேரம் பிடித்தது. வாடகைக்குக் கிடைத்தது 1950களின் செவ்ரோலே. வெளியே பளபளப்பு, உள்ளே எங்கிருந்தோ கழற்றி மாட்டிய டீசல் இன்ஜின்.

முதல் ஒரு மணி நேரம் அழகை எதிர்பார்க்காதீர்கள். கரையோரம் எண்ணெய்க் கிணறுகளின் இரும்புத் தலைகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், அழுகிய முட்டை நாற்றம் வீசும். காரில் ஏசி இல்லாததால் கண்ணாடியை ஏற்றவும் முடியவில்லை.

சாந்தா குரூஸ் தெல் நோர்த்தே அருகே உள்பக்கம் திரும்பினால் ஹெர்ஷி என்ற ஊர் வரும். அமெரிக்கச் சாக்லேட் முதலாளி மில்டன் ஹெர்ஷியின் பெயர்தான். 1916-இல் கியூபாவுக்கு வந்த அவர், தன் சாக்லேட்டுக்குச் சர்க்கரை வேண்டி இங்கே ஆலை கட்டினார், தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டினார், மின்சார ரயிலும் விட்டார். 1959 புரட்சிக்குப் பின் ஊருக்குப் புரட்சித் தளபதி காமிலோ சியென்ஃபுவேகோஸின் பெயரை வைத்தார்கள்; எங்கள் ஓட்டுநர் வாயில் ஹெர்ஷிதான் வந்தது. வாங்கிக்கொண்டிருந்த சோவியத் ஒன்றியம் போனபின் கியூபாவின் சர்க்கரைத் தொழில் நொடிந்தது. 2002-இல் நாட்டின் ஆலைகளில் ஏறக்குறைய பாதியை அரசு மூடியபோது இதுவும் போயிற்று.

அங்கிருந்து திரும்பும் வழியில்தான் அதைப் பார்த்தேன். கரும்பு நின்ற நிலமெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் முட்புதர். பூ மேலே இளஞ்சிவப்பு, கீழே மஞ்சள், சின்ன விளக்குப் போலத் தலைகீழாகத் தொங்குகிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். சிவகங்கைப் பக்கம் எங்கள் அப்பத்தா ஆடுகளுக்கு நெற்று உலுக்கிப் போடுவாரே, அதே விடத்தேர்! ஓட்டுநரோ "மராபு" என்று சொல்லிக் காறித் துப்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த இந்தச் செடி, உழாமல் விட்ட நிலங்களை விழுங்கிவிட்டதாம். இதை வெட்டிக் கரி சுடுகிறார்கள். 2017-இல், அரை நூற்றாண்டுக்குப் பிறகு கியூபாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சட்டப்படி ஏற்றுமதியான முதல் சரக்கு ரம்மும் அல்ல, சுருட்டும் அல்ல; இந்த விடத்தேர்க் கரி.

அடுத்து பாக்குனயாகுவா பாலம். 1959-இல் திறந்தது, 110 மீட்டர் உயரம். பக்கத்துக் கடையில் அன்னாசி பானம் தந்து, ரம் பாட்டிலையும் அருகே வைத்துவிடுகிறார்கள், விருப்பம்போல் ஊற்றிக்கொள்ளலாம். கீழே யுமுரி பள்ளத்தாக்கு முழுக்க அரசப் பனைகள். கழுகுகள் நம் காலுக்குக் கீழே வட்டமிடுவதை அங்கேதான் முதல்முறை பார்த்தேன். ரம் செய்த வேலையால் மத்தான்சாஸ் நகரத்தைத் தூங்கியே கடந்துவிட்டேன்.

வராதேரோவில் மணல் உண்மையிலேயே வெண்மைதான், கடலும் குளம்போல ஆழமில்லாதது. ஆனால் ஓட்டல் விருந்தினர் என்பதற்கு அடையாளமாகக் கையில் பட்டை கட்டியவர்களுக்கு மட்டுமான உலகம் அது. 2008 வரை சாதாரணக் கியூபர்கள் இத்தகைய ஓட்டல்களில் தங்கவே முடியாது. ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று ஓட்டுநரை அழைத்தேன். அவர் வாசலிலேயே பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

இப்போது போவதானால் எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் கடுமை. காரையும் நிற்கும் இடங்களையும் கட்டணத்தையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், ரொக்கமாக வைத்திருங்கள். போகும்போது ஓட்டுநருக்குப் பின்னால் உட்காருங்கள். கடல் இடப்பக்கம் வரும்.