பட்நாகர் விருது என்றால் என்ன? ஏன் 45 வயது வரம்பு?

சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது என்பது இந்தியாவில் நடக்கும் சிறந்த அறிவியல் ஆராய்ச்சிக்கு மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு) கொடுத்து வந்த பரிசு. 1958-இல் முதலில் வாங்கியவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், ராமன் விளைவைக் கண்டுபிடித்தபோது ராமனோடு கூடவே நின்று உழைத்தவர்.

சரி, 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விருது இல்லை என்று பின்னால் வந்த வரம்பு எதற்கு? நெல் தூர் கட்டும்போது உரம் போட்டால்தான் கதிர் பிடிக்கும், அறுவடைக்கு அப்புறம் போட்டு என்ன பயன்? சொந்தமாக ஆய்வகம் தொடங்கி, நிதிக்கும் மாணவர்களுக்கும் அலையும் வயதில் கிடைக்கும் அங்கீகாரம்தான் ஓர் ஆய்வாளரைத் தூக்கி நிறுத்தும், அதனால் இந்த வரம்பு எனக்கு மிகச் சரியாகவே படுகிறது.

விருதையே நிறுத்திவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 2024 முதல் மத்திய அரசின் தேசிய அறிவியல் விருதான ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்காரில் 'விஞ்ஞான் யுவா – சாந்தி ஸ்வரூப் பட்நாகர்' என்ற பெயரில் இளம் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிறார்கள்.