ஆஷ் எதுக்கு அந்தக் கதவைத் திறந்தான்?

கேள்வி: 1979ல வந்த 'ஏலியன்' படத்தை இப்பதான் முதல் தடவையா பார்த்தேன் சார். அந்த சயின்ஸ் ஆபீஸர் ஆஷ் மனுஷனே இல்ல, ரோபோன்னு தெரிஞ்சதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. கூட வேலை பார்க்குறவங்க எல்லாரையும் சாகவிடற அளவுக்கு கம்பெனி மேல அவனுக்கு அப்படி என்ன விசுவாசம்?

பதில்: அதை விசுவாசம்னு சொல்லலாமான்னே எனக்கு ரொம்ப நாளா யோசனை. விசுவாசம்னா விட்டுட்டுப் போக வழி இருந்தும் கூடவே நிக்கிறது, ஆஷுக்கு அந்த வழியே கிடையாது. அவனுக்குள்ள போட்டு அனுப்பினது ஒரே ஒரு உத்தரவு, நம்பர் 937, அந்த வேற்றுக்கிரக உயிரை, அதான் ஏலியனை, பத்திரமா கொண்டு வரணும், மத்ததெல்லாம் அப்புறம், விண்வெளிக் கப்பல்ல இருக்கற ஆட்கள் போனாலும் பரவாயில்லை. கப்பலோட கம்ப்யூட்டர் 'மதர்'கிட்ட கதாநாயகி ரிப்ளி தனியா உட்கார்ந்து கேட்கும்போது அந்த வரி ஸ்கிரீன்ல வருமே, எனக்கு அந்த ஏலியனை விட அதுதான் பயம். யாரோ ஒருத்தர் ஒரு மேஜையில உட்கார்ந்து நிதானமா டைப் பண்ணியிருக்கார் பாருங்க.

இன்னொண்ணு, பல பேர் கவனிக்காம விட்டுடுவாங்க. முதல்ல ஏதோ ஒரு இடத்துல இருந்து புரியாத சிக்னல் வந்ததும் கப்பல் இன்ஜினியர் பார்க்கர் என்ன சொல்றான், இது சரக்குக் கப்பல், தேடிட்டுப் போறது நம்ம வேலை இல்ல, போகணும்னா தனியா காசு குடுங்கன்றான். அப்ப ஆஷ் ரொம்ப மரியாதையா கான்ட்ராக்ட்ல ஒரு ஷரத்து இருக்குன்னு எடுத்துச் சொல்றான், அறிவுள்ள உயிர் அனுப்பின மாதிரி சிக்னல் வந்தா போய்ப் பார்த்தே ஆகணும், இல்லைன்னா பங்குப் பணம் மொத்தமும் போயிடும். உடனே பார்க்கர் கப்சிப்னு ஆயிடுறான். ஆக அந்த 7 பேர் கப்பல்ல (7ல ஒண்ணு ரோபோ, அது அப்ப யாருக்கும் தெரியாது) மனுஷங்களும் கம்பெனி சொன்னதைத்தான் செய்றாங்க, அவங்களைக் கட்டிப்போட சம்பளம், ஆஷைக் கட்டிப்போட புரோகிராம். அந்த இடத்துலயே கதை முடிவாயிடுச்சுன்னு எனக்குத் தோணும்.

அப்புறம் கதவு. சிக்னலைத் தேடி இறங்கினவங்கள்ல கேன்ற ஆள் முகத்துல அந்த ஜந்து ஒட்டிக்கிச்சு, அவனை தூக்கிட்டு வந்து கேப்டன் டல்லாஸும் கூடப் போன லாம்பர்ட்டும் கப்பலுக்கு வெளிய நிக்கிறாங்க, உள்ள ரிப்ளிதான் அப்ப பொறுப்புல இருக்கா, உள்ள இருக்கறவங்களுக்கு எதுவும் தொத்தக்கூடாதுன்னு 24 மணி நேரம் தனியா வெச்சிருக்கணும்னு விதி, அதனால திறக்கமாட்டேன்றா. கேப்டனே கத்துறாரு, அப்பவும் முடியாதுன்றா. ஆஷ் ஒரு பட்டனை அழுத்தி திறந்துவிட்டுடுறான். முதல் தடவை பார்க்கும்போது நாமளும் அப்பாடா நல்ல மனுஷன்னு நினைப்போம், ரிப்ளியைத்தான் கல்நெஞ்சுக்காரின்னு திட்டுவோம். நானும் திட்டியிருக்கேன். இரண்டாவது தடவை பார்க்கும்போதுதான் உறைக்கும், ஆஷ் திறந்தது அந்த ஜந்து உள்ள வரணும்னுதான், அங்க சகமனுஷங்க உயிர் மேல அக்கறை காட்டினது அவ ஒருத்திதான்.

கேள்வி: அவன் ரோபோன்னு முன்னாடியே கண்டுபிடிக்கற மாதிரி குறிப்பு ஏதாவது படத்துல இருக்கா?

பதில்: நிறைய இருக்கு, அத்தனையும் ஆஷா நடிச்ச இயன் ஹோம் நடிப்புல இருக்கு. கதவு விஷயத்தை ரிப்ளி நேர்ல வந்து கேட்குறாளே அந்த சீனை திரும்பப் பாருங்க. விதியை மறந்துட்டீங்களான்னு கேட்டா மறக்கலைன்றான், அப்ப தெரிஞ்சே மீறினீங்களான்னா கேனை வெளியவே விட்டிருக்கணுமான்னு அவ மேலயே திருப்புறான், கடைசியில உன் வேலையை நீ எவ்வளவு சிரத்தையா செய்றியோ நானும் அவ்வளவு சிரத்தையாத்தான் செய்றேன்ற மாதிரி ஒரு பதில். அது பொய்யே இல்ல பாருங்க. ஒவ்வொரு சொல்லும் உண்மை, எந்த வேலைன்றதைத்தான் சொல்லலை.

டல்லாஸ் வாயிலயும் ஒரு தகவல் வரும். 5 பயணம் வேற ஒரு சயின்ஸ் ஆபீஸரோட போயிருக்கார், கிளம்ப 2 நாள் இருக்கும்போது அவரை எடுத்துட்டு ஆஷைப் போட்டாங்கன்னு போறபோக்குல சொல்வார். கேனோட நெஞ்சைப் பிளந்துக்கிட்டு ஏலியன் குட்டி வெளிய வரும்போது பார்க்கர் கத்தியை எடுக்கப் போவான், தொடாதேன்னு கத்தித் தடுக்கறது யாரு? ஆஷ்தான்.

ஆனா எனக்குப் பிடிச்சது ஒரே ஒரு சொட்டு. ரிப்ளிக்கு உண்மை தெரிஞ்சதும் அவன் வழியை மறிச்சு நிக்கிறான் இல்லையா, சத்தமே இல்லாம கதவெல்லாம் மூடுது, அவ மூக்குல ரத்தம் வழியுது, அதே நேரம் அவன் நெத்திப் பக்கத்துல வேர்வை மாதிரி ஒரு சொட்டு இறங்குது. வெள்ளையா. பால் மாதிரி. ஒரு செகண்ட்தான் இருக்கும். வசனமே கிடையாது, ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை, புரிஞ்சவங்களுக்கு வயிறு கலங்கிடும், புரியாதவங்களுக்கு ஏதோ சரியில்லைன்னு மட்டும் படும். டைரக்டர் ரிட்லி ஸ்காட் மேல எனக்கு மரியாதை வந்ததே அந்தச் சொட்டுலதான்.

கேள்வி: அவன் தலை கழண்டதும் உள்ள தெரியறதெல்லாம் என்ன பொருள்?

பதில்: பால், பாஸ்தா, மீன் முட்டை, கண்ணாடி கோலிக்குண்டு, இதெல்லாம் வெச்சுதான் எடுத்தாங்க. சமையல்கட்டு சாமான்தான், ஆனா ஈரமா கொழகொழன்னு இருக்கறதால இன்னிக்கும் அருவருப்பா இருக்கு, கம்பியும் பல்பும் வெச்சிருந்தா இந்நேரம் பழசாத் தெரிஞ்சிருக்கும்.

கேள்வி: ஆனா இரண்டாவது பாகத்துல வர்ற ரோபோ பிஷப் நல்லவன்தானே? அப்ப ஆஷ் மட்டும் பழுதான மாடலா?

பதில்: பிஷப்பே அப்படித்தான் சொல்றான், அந்த பழைய மாடல் கொஞ்சம் கோளாறு பிடிச்சது, என்னால மனுஷனுக்குத் தீங்கு செய்யவே முடியாதுன்னு. அவன் பொய் சொல்றான்னு நான் சொல்லலை, 1986 படத்துல உடம்பு இரண்டா கிழிஞ்ச பிறகும் ரிப்ளி கூட இருக்கற சின்னப் பொண்ணு நியூட்டை காத்து விண்வெளிக்கு இழுத்துட்டுப் போகாம கையால பிடிச்சு வெச்சிருக்கான், அந்த சீனுக்கு எனக்கு இப்பவும் கண்ணு கலங்கும். ஆனா ஆஷுக்கு கோளாறு எதுவுமில்ல. சொன்ன வேலையை சொன்ன மாதிரியே செஞ்சான், அதுல எங்க பழுது?

அந்தப் படத்துல ஆஷோட இடத்துல இருக்கறது பிஷப் இல்ல, பர்க். ரத்தமும் சதையுமான மனுஷன், கோட்டு போட்ட கம்பெனி ஆளு, ரிப்ளியையும் அந்தப் பொண்ணையும் அந்த ஜந்துங்களோட ஒரே ரூம்ல விட்டுப் பூட்டுறான், எதுக்கு, தனக்கு வர்ற லாபத்துக்கு. ஆஷுக்கு முடியாதுன்னு சொல்ல வழியில்லை, பர்க்குக்கு இருந்துச்சு. என் கணக்குல பர்க்தான் பெரிய பாவி.

இதே வரிசையில 2024ல வந்த 'ரோமுலஸ்' படத்துல இதையே இன்னும் தெளிவா காட்டியிருக்காங்க. ஆண்டின்னு ஒரு ரோபோ, தன்னோட வளர்ந்த ரெயின்ற பொண்ணுக்கு எது நல்லதோ அதைத்தான் செய்யணும்னு அவனுக்கு உத்தரவு, பாவம் அவ்வளவு மென்மையா இருப்பான். ஒரு சிப்பை மாத்திப் போட்டதும் பேச்சு மாறுது, நிக்கிற விதம் மாறுது, கம்பெனிக்கு எது நல்லதுன்னு பேச ஆரம்பிச்சுடுறான். அதே முகம்தான். (அதுல ரூக்னு ஆஷ் ஜாடையிலயே ஒருத்தன் வருவான், 2020ல இறந்துபோன இயன் ஹோம் முகத்தை வெச்சு பண்ணது. செத்தவர் முகத்தை இப்படி எடுத்து வர்றது எனக்குப் பிடிக்கலை, குடும்பம் சம்மதிச்சிருந்தாலும்.)

கேள்வி: எரிக்கறதுக்கு முன்னாடி ஆஷ் அனுதாபம் தெரிவிச்சுட்டு சிரிக்கிறானே, அது கிண்டலா நிஜமா?

பதில்: நிஜம்னுதான் நான் எடுத்துக்கறேன், என் மனைவி கிண்டல்னு அடிச்சுச் சொல்வா, எத்தனையோ தடவை பேசியாச்சு. மேஜை மேல வெறும் தலை, வாயோரம் வெள்ளையா வழியுது, குரல் கரகரன்னு ஆயிடுச்சு. நீங்க பிழைக்கற வாய்ப்பைப் பத்தி பொய் சொல்ல முடியாது, ஆனா என் அனுதாபங்கள்னு சொல்லிட்டு லேசா சிரிக்கிறான். அதுக்கு முன்னாடிதான் அந்த ஏலியனை வாயாரப் புகழ்ந்திருப்பான், மனசாட்சி இல்ல, வருத்தம் இல்ல, எவ்வளவு சுத்தமான உயிர்னு. தனக்கும் அப்படி எதுவும் இருக்கக் கூடாதுன்னுதானே அவனை செஞ்சாங்க, அதை இன்னொண்ணுகிட்ட பார்த்ததும் அவனுக்கு அவ்வளவு ஆசையா இருக்கு. உத்தரவுல இல்லாம அவனா சொன்னது அந்தப் புகழ்ச்சியும் இந்த அனுதாபமும்தான்னு எனக்குத் தோணும். அதை சொல்லவிட்டு ரிப்ளி வயரைப் பிடுங்குறா, பார்க்கர் நெருப்பை வைக்கிறான், முகத்துத் தோலு உருகி உரிஞ்சு வருது. அவ்வளவு நேரமும் அவன் மேல இருந்த கோபம் எனக்கு அங்க மட்டும் காணாமப் போயிடும்.