ஈவ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டில், ஒரு நட்சத்திர மண்டலத்துக்காக மூன்று இலட்சம் டாலர் மதிப்புள்ள விண்கப்பல்களை அழித்தார்களாமே? வேலையற்றவர்களின் கிறுக்குத்தனம்தானே இது?

அழித்தார்கள். மூன்று இலட்சம் டாலர் என்பது மட்டும் நீங்கள் நினைக்கிற வகையில் உண்மை இல்லை. "வேலையற்றவர்கள்" என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கேள்வியை வைத்துப் பார்த்தால், உங்கள் வீட்டில் தம்பியோ மகனோ இரவு இரண்டு மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். காலையில் எழுப்பினால் எழுந்திருப்பதில்லை. என்ன ஏது என்று தேடப்போய், ஈவ் ஆன்லைன் விளையாட்டில் 2014 ஜனவரியில் நடந்த பி-ஆர்5ஆர்பி போரைப் பற்றிப் படித்துவிட்டுப் பதறியிருக்கிறீர்கள். ஊகம் தவறென்றால் மன்னிக்கவும். ஆனால் விளையாடுகிறவர் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்.

முதலில் களம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் இருக்கும் சிசிபி என்ற நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விளையாட்டு இது. சீனாவுக்கென்று இருக்கும் தனி சர்வரை விட்டுவிட்டால், உலகத்தில் விளையாடுகிற எல்லோரும் ஒரே வானத்துக்குள்தான் இருக்கிறார்கள். அதில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். நடுப்பகுதியில் கணினியே நடத்தும் பேரரசுகளும் காவல் படையும் உண்டு. அங்கே ஒருவர் உங்களைச் சுட்டால் சற்று நேரத்தில் அவர் கப்பலும் போய்விடும். வெளியே போகப் போகப் பாதுகாப்புக் குறையும். கடைசி எல்லையில் சட்டம், காவல் எதுவும் கிடையாது. அங்கே மண்டலத்தைப் பிடிப்பதும், உரிமை நாட்டுவதும், நிலவுகளில் கனிமம் எடுப்பதும், சிறிய குழுக்களிடம் வாடகை வாங்குவதும் ஆட்டக்காரர்களே. ஆயிரக்கணக்கான பேர் கொண்ட கூட்டணிகள், அவற்றுக்குத் தூதர்கள், ஒற்றர்கள், பொருளாளர்கள் எல்லாம் உண்டு. நான் கடைசி வகையறா. பொருளாளர் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம், எரிபொருள் சுமக்கிறவன்.

பி-ஆர்5ஆர்பி, இம்மென்சியா என்ற பகுதியில் இருக்கிறது. 2013 இறுதியில் தொடங்கி, ஹாலோவீன் போர் என்று பின்னால் பெயர் பெற்ற பெரிய சண்டையில், என்3 கூட்டணியும் பாண்டெமிக் லீஜனும் அந்த மண்டலத்தைப் படைத்தளமாக வைத்திருந்தன. எதிரே கூன்ஸ்வார்ம் தலைமையிலான சிஎஃப்சி கூட்டணியும், அதோடு சேர்ந்த ரஷ்யக் குழுக்களும். நான் என்3 பக்கத்தில் ஒரு மூலையில் இருந்த சின்னக் குழுவைச் சேர்ந்தவன். பெயர் வேண்டாம், அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் இன்றும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

அந்தக் காலத்தில் மண்டலத்தின் மேல் உரிமை கொண்டாட வேண்டுமென்றால் குறிப்பிட்ட தவணைகளில் பராமரிப்புக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. அந்த மண்டலத்துக்கான கட்டணம் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான். அத்தனை பெரிய படைத்தளம், உள்ளே கோடி கோடியாகச் சரக்கு, ஒரு பில் நின்றுபோனதால் 2014 ஜனவரி 27 அன்று ஊர்ப் பொதுச் சொத்தாகிவிட்டது. எதிரிகள் பார்த்துவிட்டார்கள்; உடனே உள்ளே இறங்கித் தங்கள் உரிமையை நாட்டத் தொடங்கினார்கள்.

அது திங்கட்கிழமை. குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து ஒரு விடுமுறையை விழுங்கிய வாரம், அதனால் நன்றாக நினைவிருக்கிறது. நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். வேலை முடியும் நேரத்தில் கைபேசியில் ஜாபர் என்ற அரட்டைச் செயலியில் குழுவின் செய்திகள் வரிசையாக வந்தன: "எல்லோரும் உள்ளே வாருங்கள், பெரிய கப்பல் வைத்திருப்பவர்கள் எல்லோரும்." காரணத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு கலங்கியது. அந்த மண்டலத்து ஸ்டேஷனில், அதாவது கப்பலும் சரக்கும் வைக்கிற விண்வெளி நிலையத்தில், என் சரக்கும் இருந்தது.

இரவு வீடு வந்து விளையாட்டுக்குள் நுழைந்தபோது மண்டலத்துக்குள் டைட்டன்கள் இறங்கிவிட்டிருந்தன. டைட்டன் என்பது இந்த விளையாட்டின் மிகப் பெரிய கப்பல். அந்தக் காலத்தில் அது எந்த ஸ்டேஷனிலும் நிறுத்த முடியாத அளவுக்குப் பெரியது. அதனால் ஓட்டுகிறவர் அதற்கென்றே ஒரு தனிக் கதாபாத்திரத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அதிலேயே உட்கார வைத்திருப்பார். அதில் டூம்ஸ்டே என்று ஓர் ஆயுதம். ஒரு முறை சுட்டால் மறுபடி சுடப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினால் சர்வர் தாங்காது என்பதற்காக, அந்த மண்டலத்தில் மட்டும் காலத்தையே மெதுவாக்கிவிடுவார்கள், பத்தில் ஒரு பங்கு வரைக்கும். பத்து நிமிடம் நூறு நிமிடமாகிவிடும். ஒரு முறை சுட்டுவிட்டு எழுந்துபோய்க் குளித்து, சாப்பிட்டு, மனைவியிடம் திட்டு வாங்கிவிட்டு வந்தாலும் அடுத்த முறை சுட நேரமிருக்கும். செய்திகளில் வந்த "பரபரப்பான போர்" இப்படித்தான் நடந்தது.

நான் போர்க்களத்துக்குள் போகவில்லை. சில மண்டலங்கள் தள்ளி ஓர் இடைவழி மண்டலத்தில் என் சரக்குக் கப்பலோடு இருந்தேன். பெரிய கப்பல்கள் மண்டலம் விட்டு மண்டலம் தாவ வேண்டுமென்றால் இரண்டு வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் ஒரு சிறிய கப்பல் சைனோ என்ற விளக்கை ஏற்றவேண்டும். ஏற்றியவர் பத்து நிமிடம் நகர முடியாது, அந்த மண்டலத்தில் இருக்கிற எல்லோருக்கும் அவர் இருக்குமிடம் தெரிந்துவிடும். இரண்டாவது, ஐசோடோப் என்ற எரிபொருள். இதிலும் ஒரு சிக்கல்: விளையாட்டில் நான்கு இனங்கள், ஒவ்வொன்றின் கப்பலுக்கும் ஒரு தனி எரிபொருள். அமார் இனக் கப்பலுக்கு ஹீலியம், கல்தாரிக்கு நைட்ரஜன், கலன்ட்டேவுக்கு ஆக்சிஜன், மின்மட்டாருக்கு ஹைட்ரஜன். ஒன்றின் எரிபொருள் இன்னொன்றுக்கு ஆகாது. எங்கள் பக்கம் பெரும் கூட்டமாக ஓட்டியது ஆர்க்கன் என்ற அமார் கப்பல். ஆகவே அன்றைக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கேட்டது ஹீலியம். என்னிடம் குவிந்து கிடந்தது நைட்ரஜன்.

ஹீலியம் எங்கே கிடைக்கும், யார் பதுக்கி வைத்திருக்கிறார், எந்த மண்டலத்தில் இன்னும் விற்பனைக்கு இருக்கிறது என்று எக்செல் தாளைத் திறந்துவைத்துக்கொண்டு நள்ளிரவு தாண்டியும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவர் போலந்துக்காரர், ஒருவர் பிரேசில், ஒருவர் எந்த ஊர் என்றே சொல்லமாட்டார். எங்கள் கைவழியாகப் போன எரிபொருளில்தான் ஒரு முழு அணி களத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போனவர்கள் பலர் திரும்பவில்லை, அது வேறு விஷயம்.

அமெரிக்கர்கள் வேலை முடிந்து வீடு திரும்பிய நேரத்தில் இரண்டு பக்கமும் ஆள் கூடியது. ஏறக்குறைய 21 மணி நேரம் நடந்தது. மொத்தம் 7,548 பேர் கலந்துகொண்டார்கள். ஒரே நேரத்தில் அந்த மண்டலத்துக்குள் இருந்தவர்கள் அதிகபட்சம் 2,670 பேர். அழிந்த டைட்டன்கள் 75. அதில் 59 எங்கள் பக்கம், 16 எதிர்ப்பக்கம். தோற்றோம் என்பதை மறைக்க வழியே இல்லை.

இப்போது அந்த மூன்று இலட்சம் டாலர். விளையாட்டின் பணம் ஐஎஸ்கே. அன்று அழிந்தது சுமார் 11 இலட்சம் கோடி ஐஎஸ்கே. இதை டாலராக்குவது எப்படி? ப்ளெக்ஸ் என்று ஒன்று உண்டு: உண்மைப் பணம் கொடுத்து வாங்கலாம், விளையாட்டுக்குள் இன்னொருவருக்கு ஐஎஸ்கேவுக்கு விற்கலாம், வாங்கியவர் அதை மாதச் சந்தாவாகக் கட்டிக்கொள்வார். அந்த விலையை வைத்துப் பெருக்கிச் சொன்ன கணக்குத்தான் மூன்று இலட்சம். ஆனால் ஐஎஸ்கேவை டாலராக மாற்றிக் கையில் வாங்க விதிகளில் இடமே இல்லை. அந்த டைட்டன்களில் பெரும்பாலானவை பல மாதங்கள் நிலவுக் கனிமம் எடுத்து, வாடகை வசூலித்து, தாது உருக்கிக் கட்டியவை. அன்று இரவு யாருடைய வங்கிக் கணக்கிலிருந்தும் மூன்று இலட்சம் டாலர் போகவில்லை. வீட்டில் நெல் விளைவித்துச் சாப்பிடுகிறவரை, "ஹோட்டல் விலைக்கு நீங்கள் இந்த வருடம் இவ்வளவு செலவழித்துவிட்டீர்கள்" என்று சொன்னால் எப்படியிருக்கும்? கணக்கர் என்ற முறையில் இந்தப் பெருக்கல் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

என் சரக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஸ்டேஷன் எதிரி கைக்குப் போனது. அந்தக் கால விதிப்படி, கை மாறிய ஸ்டேஷனுக்குள் பொருள் இருக்கும், உங்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் நீங்கள் உள்ளே நுழைய முடியாது. தொலைவிலிருந்து பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடைசியில் எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றேன். நாகரிகமாகப் பேசி, சொன்ன தொகையைச் சொன்னபடி கொடுத்தார். பல வருடம் சண்டைக்காரர்களிடம் கண்டதைவிட அந்த வியாபாரியிடம் அதிக மரியாதை கண்டேன்.

"வேலையற்றவர்கள்" என்ற சொல்லுக்கு வருகிறேன். ஷான் ஸ்மித் என்பவர் அமெரிக்க வெளியுறவுத் துறை அலுவலர்; விளையாட்டுக்குள் வைல் ராட் என்ற பெயரில் கூன்ஸ்வார்மின் பெரிய தூதர், அதாவது எங்களுக்கு எதிரணி. 2012 செப்டம்பர் 11 அன்று லிபியாவின் பெங்காசியில் நடந்த தாக்குதலில் இறந்தார். அந்த வாரம் எதிரி, நண்பன் என்று பார்க்காமல் எத்தனையோ ஸ்டேஷன்களுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் வேலையற்றவரா? நான் பார்த்தவரை இந்த விளையாட்டில் நீடிப்பவர்கள் வேலை இருப்பவர்கள்தான்: கிடங்கு மேலாளர், செவிலியர், மென்பொருள்காரர், என்னைப்போல் கணக்கெழுதுகிறவர். உடனே "அரசு ஊழியர் விளையாடினால் நாம் எல்லோரும் விளையாடலாமா" என்று ஒருவர் கீழே எழுதுவார், தெரியும். நான் யாரையும் விளையாடச் சொல்லவில்லை. ஐந்து நாள் டெஸ்ட் போட்டியைச் சோபாவிலிருந்து எழாமல் பார்க்கும் என் மாமாவை யாரும் வேலையற்றவர் என்று சொல்வதில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்தப் போரைப் பற்றி எவ்வளவோ எழுதினார்கள்; படைத்தலைவர்கள் பெயர் எல்லாம் வந்தது. பில் பார்ப்பதற்கென்று ஓர் ஆள் சரியாக இருந்திருந்தால் போரே நடந்திருக்காது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. என் அலுவலகத்திலும் இதே கதைதான். கன்டெய்னர் நேரத்துக்குப் போனால் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்குக் கேக் வெட்டிப் படம் எடுப்பார்கள். எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடிதத்தில் வாங்குபவரின் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்து, வங்கி பணத்தை நிறுத்தாமல் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு டீ கிடையாது. டிராபேக், அதாவது ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தரும் வரித்தொகை, தாமதமானால் மட்டும் "அக்கவுண்ட்ஸ் என்ன செய்கிறது?" என்று முதலாளி அறையிலிருந்து குரல் வரும். அந்த நிறுவனத்தை விட்டு வந்து நெடுங்காலம் ஆகிறது, ஆறவில்லை.

பி-ஆர்5ஆர்பியில் டைட்டன்களின் சிதைவுகளை சிசிபி நிரந்தர நினைவுச்சின்னமாக வைத்துவிட்டது. இன்றும் போய்ப் பார்க்கலாம். பிறகு 2020 டிசம்பர் இறுதியில் எம்2-எக்ஸ்எஃப்இ என்ற மண்டலத்தில் 250க்கும் மேற்பட்ட டைட்டன்கள் அழிந்தன. கின்னஸ் பதிவில் அதன் மதிப்பு 3,78,000 டாலர் சொச்சம், அதே பெருக்கல் முறைதான். அதில் நான் இல்லை. அப்போது வீட்டில் கைக்குழந்தை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு: இரவு தூக்கத்தைக் கெடுக்காமல் விளையாடட்டும். முதலில் என்ன கப்பல் வாங்கினாலும், போனால் போகட்டும் என்று விடக்கூடிய விலையில் வாங்கட்டும். எல்லைக்கு அழைக்கும் குழுவில் சேருமுன் அவர்களுடைய எரிபொருளையும் பில்லையும் யார் பார்க்கிறார் என்று கேட்கட்டும். பதில் வரத் தாமதமானால் சேர வேண்டாம். ஜிட்டா என்ற சந்தை மண்டலத்தில் "அனுப்பிய பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று நாள் முழுக்கக் கூவுகிறவர்கள் இருப்பார்கள். முதல் முறை சிறிய தொகையை உண்மையாகவே இரட்டிப்பாக்கியும் தருவார்கள். இரண்டாவது முறை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.