முதலில் பின்கதவைத் திறந்து பாருங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தேன். பர்மிங்ஹாம் வந்து எட்டு மாதம் ஆகிறது, சொந்த ஊர் சேலம் அம்மாப்பேட்டை, அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு கார் எடுத்துவிட வேண்டும், ஏழு சீட் வண்டியா, இரண்டு பேருக்குப் போதுமான சின்ன வண்டியா என்று கேட்டிருந்தீர்கள். நானும் லீவில் வந்து இப்போது அஸ்தம்பட்டியில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். இங்கிலாந்துக்குப் போன புதிதில் இதே விஷயத்தில் நான் தப்பாக முடிவெடுத்தவன் என்பதால் உடனே எழுதுகிறேன்.

ஏழு சீட்டும் வேண்டாம், சின்ன வண்டியும் வேண்டாம். டிக்கியோடு சேர்த்து ஐந்து கதவு உள்ள, பின்கதவு, அதாவது பின் சீட்டுப் பக்கக் கதவு, நன்றாக அகலத் திறக்கிற நடுத்தர வண்டி எடுங்கள்.

நான் அன்று வாங்கியது மூன்று கதவு வண்டி, பின் சீட்டுக்குத் தனிக் கதவே கிடையாது. அதிகம் ஓடாதது, விலையும் குறைவு. நாங்கள் இரண்டு பேர்தானே என்று எடுத்துவிட்டேன். மகள் டிசம்பரில் பிறந்தாள், சிசேரியன். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் என் மனைவி தனியாகக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாள். கார் நிறுத்தும் இடத்தில் பக்கத்து வண்டி ஒட்டி நின்றது. மழை வேறு. முன் சீட்டை மடக்கி, உடம்பை வளைத்து, குழந்தைக்கான கார் சீட்டோடு பத்துக் கிலோவுக்குப் பக்கமாக வரும் குழந்தையை உள்ளே நீட்டி வைக்க வேண்டும். தையல் போட்ட வயிற்றோடு அவளால் முடியவில்லை. மழையில் நின்றபடி எனக்கு போன் செய்து அழுதாள். நாலே மாதத்தில் அந்த வண்டியை நஷ்டத்துக்கு விற்றேன். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் பின்கதவைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம், குழந்தையின் சீட் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். உயரத்தை வைத்து வாங்கும் ஐ-சைஸ் சீட்டில் 15 மாதம் தாண்டும்வரை அப்படித்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்குப் பிறகும் முடிந்தவரை அப்படியே வைப்பது நல்லது, கழுத்துக்குப் பாதுகாப்பு. இதில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. பின்னோக்கிய சீட் நிறைய இடத்தை எடுத்துக்கொள்ளும், அதற்கு முன்னால் இருக்கிற சீட்டை முன்னே தள்ள வேண்டியிருக்கும். நீங்கள் உயரமானவர் என்றால் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். ஆகவே கார் சீட்டைப் பொருத்திவிட்டு நீங்களே முன்னால் உட்கார்ந்து பாருங்கள்.

பின் சீட்டின் இடுக்கில் குழந்தை சீட்டை மாட்டுவதற்கு ஐசோஃபிக்ஸ் என்கிற இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சில வண்டிகளில் துணிக்குள்ளே புதைந்து கிடக்கும், தினமும் மாட்டிக் கழற்றும்போது உயிர் போகும். சில வண்டிகளில் கால் வைக்கும் இடத்துக்கு அடியில் சாமான் வைக்கக் குழிப்பெட்டி இருக்கும். கார் சீட்டிலிருந்து தரைக்கு இறங்கும் தாங்குகாலை அந்தப் பெட்டியின் மூடியில் ஊன்றக்கூடாது. விற்பவர் இதைச் சொல்லமாட்டார். முன் சீட்டில் ஏர்பேக் வேலை செய்யும்போது பின்னோக்கிய சீட்டை அங்கே வைக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

நேற்று ஏற்காடு போனோம். மச்சான் வண்டியில் எங்கள் சின்னப் பையனுடைய சீட்டை மாட்டும்போது, "எதுக்குங்க மாப்ள, மடியில வெச்சுக்கலாம்ல" என்றார் மாமனார். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கி வர, மச்சான் சட்டென்று பிரேக் போட்டார். மடியில் இருந்த மச்சான் மகள் வழுக்கிப் போய் முன் சீட்டில் வாயை இடித்துக்கொண்டாள். உதட்டில் லேசாக ரத்தம், வேறொன்றும் இல்லை. எங்கள் பையன் பெல்ட்டோடு ஆடிவிட்டு பிஸ்கட் கேட்டான். அப்புறம் மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஊரிலும் 2019 திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குள் உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம். இங்கிலாந்தில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை கார் சீட் கட்டாயம், மீறினால் 500 பவுண்டு வரை போகும்.

பிரசவத்துக்கு அம்மா, மாமியார் என்று யாராவது ஆறு மாத விசாவில் வருவார்கள். அவர்களை நினைத்துத்தான் வண்டி எடுக்க வேண்டும். கார் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நிம்மதியாக உட்கார முடிகிறதா? ரொம்பத் தாழ்ந்த வண்டியில் முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கச் சிரமப்படுவார்கள். டிக்கியில், குழந்தையை வைத்துத் தள்ளும் புஷ்சேரை மடக்கி வைத்தால் அதுவும் ஏர்போர்ட் பெட்டி ஒன்றும் சேர்ந்து அடங்க வேண்டும். ஹோண்டா ஜாஸ் சின்னதாகத் தெரிந்தாலும் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் பின்னால் இடம் தாராளம், நம் ஊரிலும் ஓடிய வண்டிதான். இரண்டு பிள்ளைகள் என்று முடிவாகிவிட்டால் டிக்கி நீளமான ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட் பாருங்கள்.

டீசல் வேண்டாம். நர்சரிக்கும் டெஸ்கோ கடைக்கும் போகிற குட்டிக் குட்டி ஓட்டத்தில் அதன் புகை ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதோடு பர்மிங்ஹாம் நடுவில், புகை அதிகம் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் கிளீன் ஏர் ஜோன் இருக்கிறது. பெட்ரோல் என்றால் யூரோ 4, டீசல் என்றால் யூரோ 6 என்கிற புகைத் தரம் இல்லாத கார் அதற்குள் போனால் நாளொன்றுக்கு 8 பவுண்டு. பழைய வண்டி என்றால் நம்பரைப் போட்டு எம்ஓடி என்கிற வருடாந்திர வண்டிச் சோதனையின் வரலாற்றை அரசு தளத்தில் இலவசமாகப் பாருங்கள், எத்தனை மைல் ஓடியது, எதில் தவறியது எல்லாம் வரும். வண்டி பழையது வாங்கலாம். கார் சீட்டை மட்டும் முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள், விபத்தில் அடிபட்டது வெளியே தெரியாது.

உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது என்றீர்கள். நம் ஊர் லைசென்ஸ் அங்கே 12 மாதம்தான் செல்லும், மாற்றித் தரவும் மாட்டார்கள். நம் ஊர் எல்எல்ஆர் மாதிரியான புரொவிஷனல் லைசென்ஸுக்கு இந்த வாரமே போடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் தேறினால் கியர் வண்டி ஓட்ட முடியாது, அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கவென்ட்ரியில், உங்களுக்குப் பக்கம்தான். இருபதாம் தேதி திரும்பிவிடுவேன். மகளுடைய புஷ்சேர் எங்கள் கராஜில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வண்டி பார்க்கப் போகிற இடத்தில் டிக்கியைத் திறந்து அந்தப் புஷ்சேரை உள்ளே வைத்துப் பாருங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிப்போங்கள், பின்கதவை அவர் திறந்து குனிந்து பார்க்கட்டும்.