வாசகர் கேள்வி – பதில்: குடியை நிறுத்தியவர்களின் கூட்டத்துக்கு எப்படிப் போவது?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. காரைக்குடியில் கடை வைத்திருக்கிறார். இரவில் மட்டும் இருந்த குடி இப்போது காலையிலும் தொடங்கிவிட்டது. குடிக்காவிட்டால் கை நடுக்கம் நிற்பதில்லை. ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த விரும்புவோரும் ஒன்றுகூடும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகலாம் என்று அவரே சொன்னார். ஆனால் பங்காளி வீட்டார் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று தயங்குகிறார். கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பணம் கட்ட வேண்டுமா? தேவாலயத்தில் நடக்கிறது என்கிறார்களே, நாங்கள் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, கூட்டத்துக்கு முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலையில் கை நடுங்குகிறது என்றால் உடம்பு குடிக்குப் பழகிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவதும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, எத்தனை ஆண்டுகளாக, எவ்வளவு குடிக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சில நாள் மருந்தோடு இந்தக் கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடந்துவிடலாம். கூட்டத்தின் வேலை அதற்குப் பிறகு, வீடு திரும்பிய முதல் மாலையிலேயே தொடங்குகிறது.

கூட்டம் நடக்கும் இடத்தை அறிய, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் இந்திய இணையதளத்தில் உள்ள எண்ணை அழைத்து, உங்கள் ஊரையும் தமிழ்க் கூட்டம் வேண்டும் என்பதையும் சொன்னால் போதும். மத்திய அரசின் போதை மீட்புக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. கூட்டத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. கூட்டம் முடியும்போது ஒரு தட்டோ பையோ சுற்றி வரும். விரும்பியவர் போடலாம், போடாதவரை யாரும் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி.

பல ஊர்களில் தேவாலயத்து அறையிலோ பள்ளிக்கூடத்திலோ நடப்பதற்குக் காரணம், அங்கே குறைந்த வாடகைக்கு இடம் கிடைப்பதுதான். அமைப்புக்கு எந்த மதத்தோடும் தொடர்பு இல்லை. குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றிய பேச்சு வருகிறது என்றாலும், அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே எழுதியிருக்கிறார்கள். பிள்ளையார்பட்டிக்குப் போய்க் கும்பிடுகிறவர் அந்தப் பிள்ளையாரையே நினைத்துக்கொள்ளலாம்.

பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒரு பெண் கேட்பதற்கும் ஒரு திருமணம் பேசுவதற்கும் இந்தப் பேச்சு குறுக்கே வரக்கூடிய ஊர்கள் நம்முடையவை. ஆனால் அவர் குடிப்பது ஊருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நிறுத்த முயல்வதுதான் தெரியாது. கூட்டத்தில் முழுப் பெயரோ தொழிலோ கேட்க மாட்டார்கள்; யார் வந்தார், என்ன சொன்னார் என்பதை வெளியே பேசக்கூடாது என்பது அவர்களுடைய உறுதியான வழக்கம். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் தொடக்கத்தில் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வரட்டும். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும் நாளோடு அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய வாரமே பழையபடி ஆகிவிடுகிறது. ஒருமுறை கூட்டத்துக்கும் போனேன். மற்றவர் கதையைக் கேட்டுவிட்டு வந்தேன். அதில் என்ன பயன்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: அந்த 48 நாளில் நீங்கள் தனியாக இருக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குருசாமி இருக்கிறார், மாலையில் பஜனைக்குப் போக வேண்டியிருக்கிறது, எதிர்ப்படுகிறவரெல்லாம் 'சாமி' என்று அழைக்கிறார்கள், உடன் குடித்தவர்களே குடிக்கக் கூப்பிடத் தயங்குகிறார்கள். மாலையைக் கழற்றிய அன்றே இவ்வளவும் ஒன்றாக விலகிவிடுகின்றன. குடிக்கும் ஆசை மட்டும் உங்களுடனே இருந்துவிடுகிறது. உங்கள் மன உறுதியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துணை நின்றுபோகிறது, அவ்வளவுதான். கழற்றும் தேதி இல்லாத துணையைத்தான் கூட்டம் தருகிறது.

மற்றவர் கதையைக் கேட்பதன் பயனை அமைப்பின் தொடக்கமே காட்டுகிறது. 1935இல் நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன், தொழில் நிமித்தமாகப் போன ஆக்ரன் என்ற ஊரில், வேலை கைகூடாமல் விடுதியில் நின்றபோது மறுபடியும் குடித்துவிடுவோம் என்று பயந்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று தொலைபேசியில் விசாரித்தார். அப்படிச் சந்தித்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அன்று பில் அறிவுரை சொல்லாமல் தன் கதையைச் சொன்னார். பில் மறுபடியும் குடிக்கவில்லை, பாப் ஸ்மித்தும் குடியை நிறுத்தினார். மருத்துவரும் மனைவியும் சொல்லும்போது உள்ளே போகாத ஒன்று, அதே பொய்களைச் சொல்லி அதே கடனை வாங்கியவர் வாயிலிருந்து வரும்போது உள்ளே போகிறது.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழுவுக்குக் குழு சூழல் மாறும். பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். ஆறு கூட்டமாவது போய், சில ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஒருவரிடம் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். மாலை கழற்றும் நாளில் அவரை அழைத்துப் பேசுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் குடிக்கிறான். அவனுக்காக நான் கூட்டத்துக்குப் போகலாமா?
– ஒரு தாய், கானாடுகாத்தான்

பதில்: உறவினரும் வரக்கூடிய திறந்த கூட்டங்கள் உண்டு, அங்கே போய்க் கேட்கலாம். ஆனால் உங்களுக்கென்றே அல்-அனான் இருக்கிறது. குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக, பில் வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டோர் 1951இல் அதைத் தொடங்கினார்கள். மகன் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம். இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன. சிங்கப்பூரிலும் ஏ.ஏ. குழுக்கள் இருக்கின்றன. அந்த விவரத்தை, மகன் குடிக்காமல் இருக்கும் நேரம் பார்த்து, திட்டாமல் ஒரே ஒரு முறை அவருக்குச் சொல்லுங்கள். எப்போது போவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.