மேடையிலிருந்து சின்னத்திரைக்கு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

முப்பது வருடமாகச் சபா நாடகம், அதில் பாதிக் காலம் தொடர்களிலும் நடிப்பு. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: பத்து வருடம் மேடையில் நடித்தவன் சார். முதல் தொடரிலேயே "ஓவரா பண்றீங்க" என்றார் டைரக்டர். எங்கே தப்பு?

தப்பு நடிப்பில் இல்லை, அளவில். சபா மேடையில் தலைக்கு மேலே மைக் தொங்கும். அதன் கீழே வந்து நின்று கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேசிப் பழகியவர்கள் நாம். கேமரா அப்படி இல்லை; குளோசப்பில் புருவம் லேசாக ஏறினாலே அது ஒரு வசனம். ஆனால் குரலைக் குறைக்கிறேன் என்று பலர் உணர்ச்சியையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். உள்ளே அதே சூடு இருக்கட்டும். எதிரே நிற்பவருக்கு மட்டும் பேசுங்கள்.

கேள்வி: தொடரில் பிராம்ப்டிங் உண்டாமே, வசனத்தை மனப்பாடம் செய்ய வேண்டாமா?

பல செட்டில் உதவி இயக்குநர் வரி வரியாகச் சொல்ல, கேட்டுப் பேசுவார்கள். நாடகத்துக்காரருக்கு இது பெரிய சோதனை. எனக்கு முழுக் காட்சியும் மனதில் ஓடும். இடையில் இன்னொரு குரல் வந்தால் பேச்சு அறுந்துவிடும். முதல் நாளே ஏழு டேக் வாங்கினேன். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு சீனியர் அம்மா கூப்பிட்டு, "வரியைக் காதில் வாங்கு, கண்ணை மட்டும் என்னை விட்டு எடுக்காதே" என்றார். அன்று மதியமே சரியாகிவிட்டது. இன்றும் வசனக் காகிதம் கைக்கு வந்ததும் ஒரு மூலையில் உட்கார்ந்து நாலு தடவை படித்துவிடுவேன்.

அப்புறம் கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் செய்ததை அடுத்த ஷாட்டிலும் மாறாமல் செய்வது. காட்சியை முழுதாக எடுக்கிற மாஸ்டர் ஷாட்டில் காபி டம்ளரை எந்த வார்த்தையில் கீழே வைத்தீர்களோ, எதிரே இருப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கிற சஜஷன் ஷாட்டிலும் குளோசப்பிலும் அதே வார்த்தையில் வைக்க வேண்டும். இடையில் லைட் மாற்ற அரை மணி நேரம் போயிருக்கும். மேடையில் இந்தக் கவலை கிடையாது.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இறங்கலாமா அண்ணா?

அவசரப்படாதீர்கள் தம்பி. பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தபடியே நாடகம் போட்டவர். டெல்லி கணேஷ் பத்தாண்டுகள் விமானப் படையில் இருந்தவர், டெல்லி தட்சிண பாரத நாடக சபாவில் வளர்ந்தவர். மாலை ஒத்திகையும் வார இறுதி நாடகமும் வேலையோடு ஒத்துப்போகும். தொடர் அப்படி இல்லை; கால்ஷீட் என்றால் பெரும்பாலும் காலையிலிருந்து ராத்திரி வரை. மாதம் இத்தனை நாள் என்று வாய்ப்பு உறுதியாக வரும் வரை சம்பள வேலை இருக்கட்டும்.

கேள்வி: சம்பளம் எப்படி?

நாள் கணக்கு. உங்கள் பாத்திரம் வெளியூர் போய்விட்டதாகக் கதை திரும்பினால் அந்த மாதம் வருமானமும் போய்விடும். அதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, மேடை ஏறியதே இல்லை. இனிமேல் முடியுமா?

தாராளமாக முடியும் அம்மா. தொடர்களில் அம்மா, அத்தை, பாட்டி வேடங்களுக்கு எப்போதும் ஆள் தேவை. முதலில் ஒரு நாடகக் குழுவில் சேருங்கள். வசனமே இல்லாமல் பத்து நிமிடம் மேடையில் நின்று மற்றவர் பேசுவதைக் கேட்கிற வேடம் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். தொடரில் உங்கள் ரியாக்ஷன் ஷாட் அதிலிருந்துதான் வரும்.